பெயரை மறைத்து வந்த படங்கள்: கொரியாவில் ஜப்பானியச் சினிமா

அனைவருக்கும் வணக்கம்.

கொரியப் படங்களும் தொடர்களும் இப்போது நம் வீடுகளில் சர்வசாதாரணமாக ஓடுகின்றன. ஜப்பானிய அனிமே பார்க்காத கல்லூரிப் பிள்ளைகள் குறைவு. ஒரே செல்பேசியில் இதையும் பார்க்கிறார்கள், அதையும் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கிறவர்களிடம் ஒரு செய்தியைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். தென்கொரியாவில் 1945இலிருந்து 1998 வரை, அதாவது 53 ஆண்டுகள், ஒரு ஜப்பானியப் படத்தைத் திரையரங்கில் டிக்கெட் விற்று ஓட்ட முடியாது. உலகப் புகழ் பெற்ற ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் படமாக இருந்தாலும் சரி, குழந்தைகளுக்கான கார்ட்டூன் படமாக இருந்தாலும் சரி, அனுமதி கிடையாது. கடல் வழியே சில மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிற இரண்டு நாடுகள் இவை.

ஏன் அப்படி, அந்தக் கதவு எப்படித் திறந்தது, திறந்த பிறகு மக்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடை ஜப்பானியப் படங்களை நிறுத்தவில்லை. அவற்றின் மேலிருந்த பெயரைத்தான் அழித்தது. பெயரோடு வர அனுமதித்த பிறகுதான் கொரிய ரசிகர்களால் அவற்றோடு நேர்மையாகப் பழக முடிந்தது. பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லவும், கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படவும் அதன் பிறகுதான் வழி பிறந்தது.

முதலில் காலனிக் காலம். 1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. சினிமா அங்கே வேரூன்றியது அந்த ஆட்சிக்குள்தான். சியோல் நகரம் நடுவில் ஓடும் சொங்கேசொன் ஓடையால் பிரிந்து கிடந்தது. தெற்கே ஜப்பானியர் குடியிருப்பு, அங்கே அவர்களுக்கான திரையரங்குகள். வடக்கே சொங்னோ பகுதியில் கொரியர்களுக்கானவை. மௌனப் படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் ஆளுக்குக் கொரியாவில் பியொன்சா என்று பெயர். அரங்கில் போலீஸ்காரர் இருக்கிறாரா இல்லையா என்று பார்த்து அவர் பேச்சு மாறுமாம். 1926இல் தான்சொங்சா அரங்கில் நா உன்-க்யூவின் ‘அரிராங்’ வெளியானது. நிலக்கிழாரின் அடியாளைக் கொன்றுவிடுகிற, மனம் பேதலித்த ஒரு மாணவனின் கதை. மேலுக்கு அது ஒரு கிராமத்துக் கதை. பார்த்தவர்களுக்கு அது யாரைப் பற்றியது என்று தெரியும். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று கையில் இல்லை.

முப்பதுகளின் கடைசியில் நிலைமை இறுகியது. பள்ளிகளில் கொரிய மொழி ஒடுங்கியது. மக்கள் தங்கள் பெயர்களையே ஜப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ளும்படி நெருக்கப்பட்டார்கள். 1940இல் கொரியத் திரைப்படச் சட்டம் வந்தது. 1942இல் இருந்த தயாரிப்பு நிறுவனங்கள் எல்லாம் ஒரே அரசு சார்ந்த நிறுவனத்துக்குள் அடக்கப்பட்டன. இளைஞர்களைப் போருக்கு அழைக்கும் படங்கள் வந்தன. சொய் இன்-க்யூ என்ற இயக்குநரைப் பாருங்கள். 1941இல் தெருவோரச் சிறுவர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அதன் முடிவில் பிள்ளைகள் ஜப்பானியக் கொடிக்கு முன் உறுதிமொழி எடுக்கிறார்கள். அதே மனிதர் 1946இல் ‘விடுதலை வாழ்க’ என்ற பொருளில் பெயர் வைத்து, சுதந்திரப் போராளியைப் பற்றி ஒரு படம் எடுத்தார். ஐந்து ஆண்டு இடைவெளி. அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தலைமுறைக் கலைஞர்களை அந்த ஆட்சி எந்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்துப் படங்கள் பலவும் தொலைந்துபோயின. 2000களின் நடுவில்தான் சீனத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து சில பிரதிகள் கிடைத்தன. பேரப்பிள்ளைகள் அறுபது ஆண்டு கழித்து அவற்றைப் பார்த்தார்கள்.

ஆகவே 1945 ஆகஸ்டில் விடுதலை வந்ததும் ஜப்பானியப் படம் வேண்டாம் என்று கொரியர்கள் முடிவெடுத்ததில் வியப்பே இல்லை. அந்தக் கோபம் நியாயமானது. இதை அழுத்திச் சொல்லவேண்டும். ஏனென்றால் தடை தவறு என்று சொல்ல வருகிறவர்கள் பலரும் அந்தக் கோபத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். 1965இல் இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவு ஏற்பட்டது. வணிகம் வந்தது, கடன் வந்தது, தொழிற்சாலைகள் வந்தன. ஆனால் பாட்டும் படமும் வரவில்லை. இந்தத் தடைக்குத் தனியாக ஒரு சட்டம் என்று எதையும் காட்டுவது கடினம். இறக்குமதிக்கு அரசின் பரிந்துரை வேண்டும், மக்கள் உணர்வைக் காரணம் காட்டி அந்தப் பரிந்துரை கிடைக்காது, அவ்வளவுதான். நிர்வாக வழக்கமாகவே அது ஐம்பது ஆண்டு ஓடியது.

சரி, படம் வரவில்லை. கதை வராமல் இருந்ததா? இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

1964இல் ‘வெறுங்கால் இளமை’ என்ற படம் சியோலைக் கலக்கியது. ஒரு தெரு ரவுடிக்கும் தூதரின் மகளுக்கும் காதல். சமூகம் ஏற்கவில்லை, இருவரும் சேர்ந்து உயிரை விடுகிறார்கள். ஷின் சொங்-இல், ஒம் எங்-ரான் ஜோடி. அந்த ஆண்டு அவர்கள் நிஜத்திலும் திருமணம் செய்துகொண்டார்கள். கொரிய இளைஞர் படங்களுக்கே அது முன்மாதிரி ஆனது. ஆனால் அதே கதையை அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானில் நிக்காட்சு நிறுவனம் படமாக எடுத்திருந்தது. மூலத்தின் பெயரைச் சொன்னால் தணிக்கையில் மாட்டும். எனவே சொல்லவில்லை. இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல. ஜப்பானியத் திரைக்கதை இதழ்களை வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்று ஐம்பதுகளின் கடைசியிலேயே பத்திரிகைகளில் சண்டை நடந்தது. காலனிக் காலத்தில் படித்த அந்த எழுத்தாளர்களுக்கு ஜப்பானிய மொழி நன்றாகவே தெரியும். ஆட்சி திணித்த மொழி, திருட்டுக்கு உதவியது.

குழந்தைகள் பக்கம் போவோம். எழுபதுகளில் கொரியத் தொலைக்காட்சியில் மாசிங்கர் இசட், காண்டி என்ற கார்ட்டூன் தொடர்கள் ஓடின. எல்லாம் ஜப்பானியத் தயாரிப்பு. கொரியக் குரல் கொடுத்து, கதாபாத்திரங்களின் பெயரை மாற்றி, கிமோனோ உடுத்திய காட்சிகளையும் ஜப்பானியப் பெயர்ப்பலகைகளையும் வெட்டி ஒளிபரப்பினார்கள். அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகுதான் அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டார்கள். தங்கள் பால்யம் முழுவதும் ‘எதிரி நாட்டு’ப் படம்தான் என்று ஒரு நாள் திடீரெனத் தெரியவந்தால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும்? 1976இல் கிம் சொங்-கி எடுத்த ‘ரோபோ டெக்வான் வி’ கொரியாவின் சொந்த வீரனாகக் கொண்டாடப்பட்டது. மாசிங்கரின் பாதிப்பு அதில் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மாசிங்கரைத் தாண்டவேண்டும் என்ற வேகமும் அதில் இருந்தது. அதனால்தான் அந்த எந்திரனுக்கு டெக்வாண்டோ கற்றுக்கொடுத்தார்.

அப்புறம் பூசான். தெற்குக் கடற்கரையில் இருக்கிற அந்த ஊரில் ஆன்டெனாவைச் சரியான பக்கம் திருப்பினால் ஜப்பானியத் தொலைக்காட்சி தெரியும். வானலைக்குத் தணிக்கை போட முடியாது. எண்பதுகளில் வீடியோ வந்தது. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் படி எடுத்து, அதிலிருந்து மேலும் ஒரு படி எடுத்து, படம் மங்கிப்போன நிலையில் பல்கலைக்கழகக் கழகங்களில் ஜப்பானியப் படங்கள் ஓடின. 1996இல் பூசானில் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. விழா என்ற காரணத்தால் அங்கே ஜப்பானியப் படங்களைத் திரையிட முடிந்தது. இளைஞர்கள் சியோலிலிருந்து ரயிலேறி வந்து பார்த்தார்கள். ஆக, தடை இருந்த காலத்திலும் பார்க்க நினைத்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வழியில்லாதவர்களுக்குத்தான் கதவு மூடியிருந்தது.

கதவைத் திறந்தவர் கிம் டே-ஜுங். அவரைப் பற்றி ஒரு விஷயம். 1973இல் எதிர்க்கட்சித் தலைவராக டோக்கியோவில் தங்கியிருந்தபோது, கொரிய உளவுத்துறை அவரை ஓட்டலிலிருந்தே கடத்திக்கொண்டு போனது. கடலில் வீசப்படவிருந்தவர் உயிர் பிழைத்தார். இருபத்தைந்து ஆண்டு கழித்து அதே டோக்கியோவுக்கு அவர் ஜனாதிபதியாகப் போனார். 1998 அக்டோபர் 8 அன்று ஜப்பானியப் பிரதமர் ஒபுச்சியோடு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். காலனி ஆட்சி தந்த துன்பத்துக்கு ஒபுச்சி அதில் எழுத்திலேயே மன்னிப்புக் கேட்டார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 20 அன்று முதல் கட்டத் திறப்பு அறிவிக்கப்பட்டது.

ஒரேயடியாகத் திறக்கவில்லை. கான், வெனிஸ், பெர்லின் விழாக்களிலோ ஆஸ்கர் எனப்படும் அகாடமியிலோ விருது வாங்கிய படம், அல்லது இரு நாடுகள் சேர்ந்து எடுத்த படம் என்றால் மட்டும் அனுமதி. அதன்படி முதலில் வந்தது 1997இல் வெனிஸில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய, இயக்குநர் கிதானோவின் ‘ஹனா-பி’. 1998 டிசம்பர் 5 அன்று வெளியானது. ஒரு வாரம் கழித்துக் குரோசாவாவின் ‘காகேமுஷா’.

அன்றைய கொரியத் திரையுலகம் பயந்துபோய் இருந்தது. பொருளாதார நெருக்கடி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பெரிய தொழில் குழுமங்கள் படத் தயாரிப்பிலிருந்து விலகிக்கொண்டிருந்தன. ஜப்பானியப் படம் வந்தால் நம் கதை முடிந்தது என்று பலர் பேசினார்கள். நடந்தது வேறு. இரண்டு படமும் சரியாக ஓடவில்லை.

ஏன் என்று யோசித்திருக்கிறேன். ‘ஹனா-பி’ அபூர்வமான படம், ஆனால் பேச்சு குறைந்த, வலி நிறைந்த படம். திருவிழாக் கூட்டத்தை இழுக்கிற படம் அல்ல. ‘காகேமுஷா’வின் காலம் 1570கள். அதில் வருகிற சாமுராய்ப் பிரபுக்களின் அடுத்த தலைமுறைதான் 1592இல் கொரியாவின் மேல் படையெடுத்தது. கொரியப் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் அந்த ஆண்டு மறக்காது. அந்தக் கவசங்களைப் பார்த்து மெய்ம்மறக்கச் சொன்னால் எப்படி மறப்பார்கள்? விருதை அளவுகோலாக வைத்தது அரசுக்குப் பாதுகாப்பு. மக்கள் காத்திருந்தது வேறு வகைப் படத்துக்கு.

அந்தப் படம் 1999 நவம்பரில் வந்தது. இவாய் ஷுன்ஜியின் ‘லவ் லெட்டர்’. இறந்துபோன காதலனின் பழைய முகவரிக்கு ஒரு பெண் கடிதம் எழுதுகிறாள். ஒதாரு என்ற பனி ஊரிலிருந்து பதில் வருகிறது. அதே பெயர் கொண்ட இன்னொரு பெண், அவனோடு பள்ளியில் படித்தவள். இரண்டு பெண்களாகவும் நகாயாமா மிஹோ நடித்தார். 1999 செப்டம்பரில் நடந்த இரண்டாம் கட்டத் திறப்பில், விருதுக்கான விழாக்களின் பட்டியல் எழுபது வரை விரிந்திருந்தது. மான்ட்ரியலில் பார்வையாளர் விருது வாங்கிய இந்தப் படம் அதனால் உள்ளே வர முடிந்தது.

இதைப் பார்க்க ஆசைப்பட்டவர்களில் பலர் முன்பே திருட்டு வீடியோவில் பார்த்தவர்கள். எல்லாரும் பார்த்தாயிற்றே, இனி யார் வருவார்கள் என்று கணக்குப் போட்டால் அது தப்பாகிவிடும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். மங்கலான கேசட்டில் பார்த்த பனியை வெள்ளை வெளேரென்று பெரிய திரையில் பார்க்க வந்தார்கள். மலையைப் பார்த்து நாயகி கத்துகிற ‘ஒகெங்கி தெஸ்கா’ (நலமா?) என்ற வரியை, ஜப்பானிய மொழி தெரியாத பிள்ளைகள்கூடத் தெருவில் சொல்லித் திரிந்தார்கள். ஒருகாலத்தில் அவர்கள் தாத்தா பாட்டி மேல் திணிக்கப்பட்ட மொழி அது. அந்த மொழியின் ஒரு வாக்கியத்தைக் கொரியப் பிள்ளைகள் தாங்களாக விரும்பி வாயில் எடுத்தார்கள். எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி இல்லை. கொரியச் சுற்றுலாப் பயணிகள் இன்றும் ஒதாருவுக்குப் போகிறார்கள்.

இந்தப் படத்தில் போர் இல்லை, சாமுராய் இல்லை, அரசியல் இல்லை. அதனால்தான் ஓடியது, வரலாற்றை மறக்கச் செய்தது என்று சிலர் குறை சொல்வதுண்டு. நான் ஒப்பமாட்டேன். பக்கத்து நாட்டு மனிதனும் காய்ச்சல் வந்து படுப்பான், பள்ளி நூலகத்தில் அட்டையில் பெயர் எழுதுவான், சொல்லாத காதலோடு செத்துப்போவான் என்று பார்ப்பதால் வரலாறு மறந்துவிடாது. மறக்கவில்லை என்பதற்கு அடுத்த சில ஆண்டுகளே சாட்சி.

2000 ஜூனில் மூன்றாம் கட்டத் திறப்பு வந்தது. 2001இல், காலனிக் காலத்தைப் பூசி மெழுகிய ஒரு பள்ளி வரலாற்று நூலுக்கு ஜப்பான் அரசு ஒப்புதல் கொடுத்தது. கொரிய அரசு மேற்கொண்டு திறப்பை அப்படியே நிறுத்திவைத்தது. மறுபடி தொடர்ந்தது 2004 ஜனவரியில்தான். அப்போது திரைப்படங்கள் முழுமையாகத் திறந்துவிடப்பட்டன. அனிமேஷனுக்கு மட்டும் இன்னும் இரண்டு ஆண்டு, 2006 வரை, கட்டுப்பாடு நீடித்தது. அதற்கு வரலாற்றைவிடத் தொழில் பயமே காரணம்.

அந்தப் பயத்தில் உண்மை இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஜப்பானிய நடிகர்கள் நடித்த படங்கள் கொரியாவில் பெரும்பாலும் சிறிய அரங்குகளில் அன்பான ரசிகர்களோடு நின்றுவிட்டன. பெருங்கூட்டத்தைக் கொண்டுவந்தது அனிமேஷன்தான். 2002இல் உலகக் கோப்பைக் கால்பந்தை இரு நாடுகளும் சேர்ந்து நடத்தி முடிக்கும் நேரத்தில் மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ வெளியாகி ஏறக்குறைய 20 லட்சம் பேரை இழுத்தது. 2004 இறுதியில் வந்த ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ 30 லட்சம். 2017இல் ஷின்காய் மகோதோவின் ‘யுவர் நேம்’ 36 லட்சத்தைத் தாண்டியது.

கொரியச் சினிமா அழிந்ததா? இல்லவே இல்லை. கதவு திறந்த அதே காலத்தில், 1999 பிப்ரவரியில், ‘ஷிரி’ என்ற கொரியப் படம் வந்து கொரிய வசூல் வரலாற்றையே மாற்றியது. அடுத்த ஆண்டு அது ஜப்பானிலும் பத்து லட்சத்துக்கு மேல் பார்வையாளர்களைப் பெற்றது. திருட்டுத்தனமாகக் கதை எடுத்த காலமும் முடிந்தது. உரிமை வாங்கி, பெயர் போட்டு எடுத்தார்கள். பார்க் சான்-வூக்கின் ‘ஓல்ட்பாய்’ ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து பிறந்து 2004இல் கானில் கிராண்ட் ப்ரீ வாங்கியது. 2016இல் ஒரு ஜப்பானிய நகைச்சுவைப் படத்தை மறு ஆக்கம் செய்த ‘லக்-கீ’யை ஏறக்குறைய 70 லட்சம் பேர் பார்த்தார்கள். ‘வெறுங்கால் இளமை’யையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கதை கடல் தாண்டி வந்தது. 1964இல் மூலக் கதைக்காரனுக்கு நன்றி சொல்ல முடியவில்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். 2013இல் மியாசாகியின் ‘த விண்ட் ரைசஸ்’ வந்தது. ஜீரோ போர் விமானத்தை வடிவமைத்தவரைப் பற்றிய படம். அந்த விமானம் யார்மேல் குண்டு போட்டது, யாருடைய உழைப்பில் உருவானது என்று கொரியர்கள் கேட்டார்கள். மியாசாகி போர் எதிர்ப்பாளர், ஜப்பான் அரசை வெளிப்படையாக விமர்சித்தவர், கொரியாவில் கொண்டாடப்பட்டவர். இருந்தும் அந்தப் படத்துக்கு வந்தவர்கள் சுமார் ஒரு லட்சம்தான். 2019 கோடையில் ஜப்பான் சில தொழிற்பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. போர்க்காலக் கட்டாய உழைப்புக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்ன கொரிய நீதிமன்றத் தீர்ப்புக்குப் பதிலடி என்றே கொரியர்கள் அதைப் பார்த்தார்கள். ஜப்பானியப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தது. பீரும் துணியும் மட்டுமல்ல, டோரேமான் படம்கூடத் தள்ளிப்போனது. ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’ அக்டோபர் இறுதிக்குத் தள்ளி வெளியானது, ‘யுவர் நேம்’ பெற்ற கூட்டத்தின் அருகில்கூட வரவில்லை. ‘டீமன் ஸ்லேயர்’ நாயகனின் காதணி, போர்க்கால ஜப்பானியப் படையின் உதயசூரியக் கொடியை நினைவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு வந்தது. கொரியாவுக்கான பதிப்பில் அந்த வடிவத்தை மாற்றினார்கள்.

இதையெல்லாம் குறுகிய மனம் என்று நினைக்காதீர்கள். ஒரு படத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று டிக்கெட் வாங்குகிறவர் தானே முடிவு செய்கிறார். அரசு அவருக்காக முடிவு செய்யவில்லை. 53 ஆண்டுத் தடைக்கும் 2019 புறக்கணிப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

2023ஐப் பாருங்கள். ஜனவரியில் இனோவே தகேஹிகோவின் ‘த ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ வந்தது. தொண்ணூறுகளில் அந்தச் சித்திரக்கதை கொரியாவில் வெளியானபோது தடைக்கால வழக்கப்படி எல்லாப் பெயர்களும் கொரியப் பெயர்களாக மாறியிருந்தன. நாயகன் சகுராகி, காங் பெக்-ஹோ ஆனான். ஷோஹோகு பள்ளி, புக்சான் ஆனது. இப்போது முப்பது நாற்பது வயதில் இருக்கிற ரசிகர்களுக்கு அந்தப் பெயர்கள்தான் தோழர்கள். அதனால் 2023 படத்தின் கொரியக் குரல் பதிப்பிலும் அதே பெயர்களை வைத்தார்கள். மூலப் பெயர் எது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் இதுதான் வேண்டும் என்றார்கள். ஒரு தடவை குரல் பதிப்பு, ஒரு தடவை ஜப்பானிய மொழியில் என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். 47 லட்சத்தையும் தாண்டியது. அந்த மார்ச்சில் வந்த ஷின்காயின் ‘சுசுமே’ 55 லட்சத்தையும் தாண்டியது. அதற்குச் சற்று முன்பு, ஒரு சின்னக் காதல் படம், நடிகர்கள் நடித்த ஜப்பானியப் படம், பத்து லட்சத்தை எட்டியது. ‘லவ் லெட்டர்’ பார்த்தவர்களின் பிள்ளைகள் வயதுக்காரர்கள்தான் அதைப் பார்க்கப் போனவர்கள்.

கலைஞர்களும் கடல் தாண்டுகிறார்கள். கொரே-எதா ஹிரோகாசு கொரியாவுக்கு வந்து, கொரிய நடிகர்களை வைத்து, கொரிய மொழியில் ‘புரோக்கர்’ எடுத்தார். அதில் நடித்த சொங் காங்-ஹோ 2022இல் கானில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அது ஜப்பானியப் படமா, கொரியப் படமா என்று கேட்டால் கொரியப் படம் என்றுதான் பதிவு. இயக்கியவர் பெயர் சுவரொட்டியில் பெரிதாகவே இருந்தது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் ‘லவ் லெட்டர்’ பாருங்கள். அடுத்து யுகிசாதா இசாவோ 2001இல் இயக்கிய ‘கோ’. ஜப்பானில் பிறந்து வளர்ந்த ஒரு கொரியப் பையன், தன் பெயரைக் காதலியிடம் சொல்லப் பயப்படுகிற கதை. மூன்றாவதாக ‘புரோக்கர்’. ‘ஹனா-பி’யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.